அந்தோணியாருக்கு நேர்ந்த ஆமை

எழுபதுகளில் தூத்துக்குடியில் நான் ஒரு கப்பல் ஏஜெண்ட் ஆபீசில் டைப்பிஸ்ட். ஆபீஸ் விட்டதும் வீட்டுக்குப் போகாமல், உப்பளத்தை ஒட்டியிருந்த பழைய சங்குக் கிட்டங்கிக்குப் போவேன். அடிபட்ட பறவைகளையும் ஆமைகளையும் அங்கே வைத்துப் பார்த்துக்கொண்டோம். பெயர்ப் பலகை எதுவும் கிடையாது. ஊரார் வைத்த பெயர் ‘கொக்கு ஆஸ்பத்திரி’. கேலிதான். ஆனால் கால் முறிந்த நாரை ஒன்று கண்ணில் பட்டால் அந்தக் கேலிக்காரர்களே சாக்கில் சுற்றிக் கொண்டுவந்து தருவார்கள்.

நடத்தியது மூன்று பேர். கால்நடை டாக்டர் ஒருவர் சாயங்காலம் சைக்கிளில் வந்து கட்டுப் போடுவார். மீன் விற்கும் அக்கா ஒருத்தி, கூடையில் மிஞ்சியதைக் கொண்டுவந்து கூழைக்கடாவுக்கு ஊட்டுவாள். மூன்றாவது ஆள் நான். கழுவிவிடுவது, பெருக்குவது, வேடிக்கை பார்க்க வந்து கல்லெறிகிறவர்களோடு சண்டை போடுவது என் வேலை. சண்டை எனக்கு நன்றாக வரும். ஐஸ் கம்பெனி அண்ணாச்சி ஐஸ் கொடுத்தார். சில வீடுகளிலிருந்து பழைய கோணியும் கீரைத்தண்டும் வரும். அக்கா என்னை ‘ஐயரம்மா’ என்பாள். நாங்கள் ஐயங்கார், அது வேறு என்று ஒருநாள் பொறுமையாக விளக்கினேன். கவனமாகக் கேட்டுவிட்டு, சரி ஐயரம்மா என்றாள்.

ஒரு வருஷம் பேராமை ஒன்று வந்தது. வலையில் சிக்கித் துடுப்பு அறுந்து தொங்கியது. இனிப் பிழைக்காது என்று அதைப் பிடித்த படகுக்காரச் சம்மாட்டி எங்கள் தலையில் கட்டிவிட்டுப் போனார். டாக்டர் தைத்தார். சங்கு கழுவும் சிமெண்டுத் தொட்டியில் கடல் தண்ணீர் சுமந்து ஊற்றினோம். அக்கா பாசி பிடுங்கிவந்து போட்டாள். மழைக்காலம் முடிவதற்குள் ஆமை நன்றாகத் தேறிவிட்டது. அதுதான் வினையாயிற்று.

சம்மாட்டி இரண்டு ஆட்களோடு வந்து ஆமையைத் திருப்பிக் கேட்டார். ஆமை ரத்தம் மூலத்துக்கு மருந்து என்று குடிப்பவர்கள் அப்போது உண்டு. கறிக்கும் கிராக்கி. ஆமையைப் பிடிக்கக் கூடாதென்று சட்டம் வந்துவிட்டது என்றார் டாக்டர். அது இன்னும் கடற்கரை வரைக்கும் வரவில்லை என்று சம்மாட்டி சிரித்தார். நான் கத்திப் பார்த்தேன். ஆட்கள் என்னைத் தாண்டிக்கொண்டு தொட்டிக்குப் போனார்கள். அக்கா கூடையை இறக்கிவைத்துவிட்டுத் தொட்டிக்கு முன்னால் போய் நின்றாள்.

“இது அந்தோணியாருக்கு நேர்ந்து விட்ட ஆமை. கை வச்சுப் பாரும்.”

சம்மாட்டியின் கை தானாக நெற்றிக்குப் போய்ச் சிலுவை போட்டது. ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். எங்களுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. டாக்டர் பேக்கரிக்கு ஓடிப்போய் மக்ரூன் வாங்கிவந்தார்.

மக்ரூன் தீர்வதற்குள், அந்தோணியாரின் சின்னக் கோயிலான குருசடியில் அசனம் நடத்துகிற பெரியவர் வந்துவிட்டார். அசனம் என்றால், நேர்ச்சையாக வந்த ஆடு, கோழி, அரிசி எல்லாவற்றையும் சமைத்து ஊருக்கே சோறு போடுவது. சம்மாட்டி போகிற வழியிலேயே குருசடியில் சேதி சொல்லிவிட்டாராம். பெரியவருக்கு ஒரே சந்தோஷம். செவ்வாய்க்கிழமை அசனம், முந்தின நாளே ஆமையைக் கொண்டுவந்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். நேர்ந்து விட்டது சமையல் கிடாரத்துக்குத்தான் போகும் என்று எனக்குத் தெரியாது. அக்காவுக்குத் தெரியும். கோபத்தில் மறந்துபோயிருந்தாள்.

வெறும் வாய்வார்த்தைதானே, இப்போதே கடலில் விட்டுவிடலாம் என்றார் டாக்டர். நானும் ஆமாம் போட்டேன். அக்கா தொட்டி விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள். அவளுடைய ஒரே மகன் அப்போது பாய்த்தோணியில் கொழும்புக்குப் போயிருந்தான். அந்தோணியார் பெயரைச் சொல்லிவிட்டு ஏமாற்றினால் கடல் அவனைச் சும்மா விடாது என்று பயந்தாள். ஆமையைக் கொடுக்கவும் அவளுக்கு மனசு வரவில்லை. அது மூடநம்பிக்கை என்று சொல்ல வாயெடுத்தேன். எங்கள் வீட்டில் திருப்பதிக்கென்று முடிந்துவைத்த மஞ்சள் துணியை அவிழ்க்க யாருக்கும் துணிச்சல் கிடையாது. வாயை மூடிக்கொண்டேன்.

அக்காவும் நானுமாகப் பங்குச் சாமியாரிடம் போனோம். அவர் திட்டவில்லை. நேர்ச்சையை மாற்றிக் கொடுக்கலாம், ஆனால் சொன்னதைவிடக் குறைந்ததைக் கொடுக்கக் கூடாது என்றார். எனக்கு உயிர் வந்தது. சந்தையில் நல்ல கிடாவாக நானே வாங்கித் தருகிறேன் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தேன். அக்கா எனக்கு முன்னால் வேகமாக நடந்தாள்.

அவள் வீட்டு வாசலில் அவளுடைய கிடா நின்றுகொண்டிருந்தது. தாய் செத்துப்போன குட்டியைப் பால் பாட்டிலில் வளர்த்திருந்தாள். மார்க்கெட்டுக்கு அவள் பின்னாலேயே வரும், ராத்திரி அவள் பாயில் படுக்கும். மகன் தோணி ஏறியபிறகு அந்த வீட்டில் ‘ஏலே’ என்று கூப்பிட அவளுக்கு அது ஒன்றுதான் இருந்தது. அதன் கொம்பைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

“நீங்க வாங்கிக் கொடுத்தா எனக்கு என்ன ஐயரம்மா கொறையும்?”



திங்கட்கிழமை ஆமையை வள்ளத்தில் ஏற்றிப்போய் ஆழத்தில் விட்டோம். தைத்த துடுப்பையும் சேர்த்து வீசி, ஒரே முங்கில் போய்விட்டது. டாக்டர் கைதட்டினார். அக்கா தண்ணீரைப் பார்த்துக் கும்பிட்டாள். கரைக்கு வந்ததும் வீட்டுக்குப் போய்க் கிடாவைக் குளிப்பாட்டி, மாலை போட்டு, தானே குருசடிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். கயிறு தேவைப்படவில்லை. அது எப்போதும்போல அவள் பின்னாலேயே போயிற்று.

தோணி பத்திரமாகத் திரும்பி வந்தது. அதைச் சொல்லாவிட்டால் நீங்கள் என்னை விடமாட்டீர்கள். ஆனால் அது பிறகு. அசனத்தன்று மகனைப் பற்றி அவளுக்கு ஒரு தகவலும் இல்லை. நானும் போய்ப் பந்தியில் உட்கார்ந்தேன். தெருவெல்லாம் கறி வாசனை. அக்கா பரிமாறிக்கொண்டிருந்தாள், முகம் வீங்கியிருந்தது. நேர்ச்சை கொடுத்தவர் ஒரு வாயாவது உண்ண வேண்டுமாம். உண்டாள், நான் பார்த்தேன். கறி தின்னாத நான் எழுந்து ஓடிவிடலாமா என்று நினைத்தபோது, ஒரு தூக்குச்சட்டியோடு என் இலைக்கு முன்னால் வந்து குனிந்தாள்.

“கறிக்கரண்டி படாத சோறு. காலையிலேயே வேற பானையில வடிச்சு வச்சேன். மோரும் இருக்கு. சாப்பிடுங்க ஐயரம்மா.”

அந்தக் கிடாவை அறுத்த காலையில் எனக்காகத் தனியாக உலை வைத்திருக்கிறாள். பந்தியில் அத்தனை பேருக்கு நடுவில் விம்மி விம்மி அழுதேன். அவள் தன் முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டு அடுத்த இலைக்குப் போனாள்.