இரண்டு டிஸ்க்கிலும் ஒரே கல்யாணம்

சின்னசேலத்தில் கல்யாண வீடியோ ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். படங்களைச் சேமிக்க இரண்டு டிஸ்க் வாங்கியபோது, இரண்டையும் இணைத்து ஒரே பெரிய இடமாக்கும் ரெய்ட் ஜீரோதான் வேண்டும் என்றேன். பொருத்த வந்த கம்ப்யூட்டர்காரர் ஒன்றே ஒன்று கேட்டார்.

“கேமரா கார்டை எப்பங்க அழிப்பீங்க?”

“காப்பி பண்ணதும். அடுத்த முகூர்த்தத்துக்கு அதே கார்டுதானே?”

“அப்ப ரெய்ட் ஒன்தாங்க. ஒரே படம் ரெண்டு டிஸ்க்லயும் ஏறும். நீங்க சொன்ன ஜீரோல ஒரு டிஸ்க் போனாலே எல்லாம் போயிடும், கார்டுலயும் இருக்காது.”

பாதி இடம் வீணாகிறதே என்று கத்தினேன். அவர் ரெய்ட் ஒன்னாகவே பொருத்திவிட்டுப் போனார்.

ஆவணி மாதம் ஒரு டிஸ்க் செத்தது. எடுத்திருந்த ஏழு கல்யாணங்களும் இன்னொன்றில் முழுசாக இருந்தன. கத்திய வாயாலேயே நன்றி சொல்ல அவருக்குப் போன் செய்தேன்.

“அதெல்லாம் இருக்கட்டுங்க. மொதல்ல புது டிஸ்க்க மாட்டுங்க. இப்ப உங்களாண்ட ஒண்ணுதான் இருக்குது.”