அரசி வேடம் கட்டிய பிரஷாந்தி அக்கா

எங்கள் மாங்கேணியில் முதலில் பட்டம் எடுத்தவன் நான். என் படம் போட்ட பதாகை சந்தியில் நெடுநாள் தொங்கியது. முதலில் கூத்துக் களரியில் ஏறிப் பாடிய பெண் பிரஷாந்தி அக்கா. அவருக்குக் கிடைத்தது அடி.

கரையில் வலையிலிருந்து மீன் பிரித்துக்கொண்டு அவர் பாடினால் களப்பின் அக்கரை வரை கேட்கும். கூத்துப் பழக்கும் அண்ணாவியார் வினாயகமூர்த்தி அதைக் கேட்டார். ஆண்களே பெண்வேடம் கட்டிவந்த கூத்தில் அரசி வேடத்தை அக்காவுக்குக் கொடுத்தார். செய்தி அறிந்த அன்று அக்காவின் அண்ணன் உதயரூபன் அவர் தலையைச் சுவரில் மோதினான்.

“ஆம்புளையளுக்கு நடுவில நிண்டு கத்தப் போறியா?”

“கத்த இல்ல. பாடப் போறன்,” என்றார் அக்கா, வாயில் வழிந்த இரத்தத்தைத் துடைத்தபடி.

அரங்கேற்றம் கதிரவெளியில், ஓர் அந்திப்பொழுதில். மகனைப் போரில் இழந்த அரசியின் புலம்பல். அக்காவின் குரல் உச்சத்தில் நின்றபோது, சாறனை மடித்துக் கட்டிய உதயரூபன் துடுப்போடு களரிக்குள் பாய்ந்தான். அந்த ஊருக்கு அவனைத் தெரியாது. ஓடக்காரன் வேடமென்று சனம் விசிலடித்தது. துடுப்பு தொண்டையில் இறங்கியது.

கூத்தில் பாடுகிறவர் நிறுத்தினால், பின்னால் நிற்கும் பிற்பாட்டுக்காரர் அந்த வரியை விழவிடாமல் எடுத்துப் பாட வேண்டும். எடுத்தார்கள். அண்ணாவியார் குனிந்தபடி மத்தளத்தை வேகப்படுத்தினார். தாளம் ஏற ஏற அடியும் ஏறியது.

“நல்லா நடிக்காள் கா,” என்று முன்வரிசையில் ஒரு மனிசி சொன்னதாம். மத்தளத் தோலில் இரத்தம் தெறித்த பிறகுதான் பாட்டு நின்றது.

உதயரூபனைப் பொலிசு பிடித்து மறியலில் அடைத்தது. அக்காவுக்கு மேல் சுருதி திரும்பவில்லை. பேசினாலே சிரட்டையைச் சுரண்டுகிற சத்தம். அந்தக் குரலோடு பெண்பிள்ளைகளுக்குக் கூத்துப்பாட்டுப் பழக்கினார். தன்னால் எட்ட முடியாத இடத்தைக் கையை உயர்த்திக் காட்டுவார். விலாவில் விரலால் குத்துவார்.

“மூச்சை இங்க வச்சிரு கிளே. தொண்டையில வச்சா கிழிஞ்சிரும்.”

போன வருசம், அவரிடம் பாட்டுப் பழகிய தனுஷியா அதே அரசியாக மாங்கேணிக் களரியில் ஏறினாள். மறியலிலிருந்து விடுபட்டு வந்திருந்த உதயரூபன் முதல்நாளே சந்தியில் சொல்லிவிட்டான்: “அவளுக்கும் தொண்டை இருக்குதானே.”

அக்கா கூத்தைப் பார்க்கவில்லை. களரிக்கு முதுகைக் காட்டி, சனத்தைப் பார்த்தபடி உலக்கையோடு நின்றார்.

“பொலிசுக்குச் சொல்லுவமா அக்கா?” என்றேன்.

“சொல்லு மனே. பட்டம் எடுத்தவன் சொன்னா ஓடி வருவானுகள். அவனுகள் வாற வரைக்கும் நான் நிக்கிறன்.”

நான் போனை எடுக்குமுன் உதயரூபன் மீன் வெட்டும் கத்தியோடு சனத்தைப் பிளந்து வந்தான். அக்காவின் உலக்கை அவன் முழங்காலில் விழுந்தது. எலும்பு நொறுங்கியது எனக்குக் கேட்டது. அவன் சரியும்போது கத்தி அக்காவின் புறங்கையைக் கிழித்துக்கொண்டு போனது. அந்தக் கையாலேயே ஓங்கி, கத்தி பிடித்த மணிக்கட்டையும் அடித்து முறித்தார். அவன் அலற வாயைத் திறந்தான். பாட்டுக்கு இடைஞ்சலாகாமல் சேலைத் தலைப்பை அந்த வாய்க்குள் திணித்து, நெஞ்சில் முழங்காலை ஊன்றினார்.

பின்னால் தனுஷியாவின் குரல் ஏறி ஏறி உச்சத்தைத் தொட்டது. அக்கா தலையைச் சாய்த்துக் கேட்டார். கையிலிருந்து இரத்தம் சொட்டிக்கொண்டிருந்தது.

“கொஞ்சம் முந்தி மூச்சை விட்டுட்டாள்,” என்றார்.