அஞ்சு வால்வா, ஆறு வால்வா

மாமாவுக்குப் பெண் பார்க்க ஆவுடையார்கோவில் பக்கம் போனோம். புதுக்கோட்டை, அறந்தாங்கி என்று ரெண்டு பஸ் மாறிப் போக வேண்டும். நான் அப்போது ஆறாவது.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. எங்களோடுதான் இருந்தார். கந்தர்வக்கோட்டையில் மோட்டார் காயில் கட்டுகிற கடை. எங்கேயாவது பழைய வால்வு ரேடியோ கிடக்கிறது என்று கேள்விப்பட்டால் கடையைச் சாத்திவிட்டுக் கிளம்பிவிடுவார். வீட்டில் பதினோரு ரேடியோ சேர்ந்துவிட்டது. முன்னால் ஒரு பெண் வீட்டார் எங்கள் வீட்டைப் பார்க்க வந்தார்கள். நாற்காலி எல்லாவற்றிலும் ரேடியோ உட்கார்ந்திருந்தது. வந்தவர்கள் நின்றபடி காப்பி குடித்தார்கள். அப்படியே போய்விட்டார்கள். அடுத்த இடமும் இதே காரணத்தால் தட்டிப்போனது. மாமாவுக்கு முப்பத்திநாலு ஆகிவிட்டது. இதுவும் போனால் இனி அலைய என்னால் ஆகாது என்று அம்மா சொல்லிவிட்டாள்.

எனக்கும் மாமாவுக்கும் ஒரு போட்டி உண்டு. ரேடியோவைக் கண்டதும் யார் முதலில் மாடலைச் சொல்வது என்று. குமிழ் எத்தனை, முள் ஓடுகிற கண்ணாடியில் என்னென்ன ஊர் போட்டிருக்கிறது, முன்பக்கத் துணி எப்படி, இதைப் பார்த்தால் போதும். நம்பர் மாமாவுக்கு வரும். எனக்கு வராது. நான் பெயர் வைத்துக்கொண்டேன். வரிசையாக அமுக்குகிற கட்டை வைத்தது பல்லன். பச்சை விளக்கு எரிவது ஒத்தக்கண்ணன். ரெண்டு பக்கமும் மரம் உருண்டு இறங்கினது தோளன். தோளனைப் படத்தில்தான் பார்த்திருந்தோம்.

பஸ்ஸிலேயே அம்மா சொன்னாள். "ரேடியோங்கிற பேச்சையே அங்க எடுக்கக் கூடாது. மாமாவுக்கு மட்டும் சொல்லலடி, ஒனக்கும் சேத்துத்தான்."

பெண் வீட்டில் உட்கார்ந்தோம். கேசரி வந்தது. பஜ்ஜி வந்தது. மூலையில் ஒரு ஸ்டூல். அதன்மேல் பூப்போட்ட துணி மூடி என்னவோ இருந்தது. துணிக்குக் கீழே ரெண்டு குமிழ் தெரிந்தது.

நான் பார்த்தேன். மாமாவும் பார்த்துவிட்டார். பெண்ணின் அப்பா கண்மாயில் தண்ணீர் நிற்காததைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். மாமா தலையை ஆட்டினார். கண் ஸ்டூலில் இருந்தது. எவ்வளவு நேரம்தான் உட்கார்வது. போய்த் துணியைத் தூக்கிவிட்டேன்.

தோளன்.

மாமா எழுந்து வந்துவிட்டார். கையில் பாதிப் பஜ்ஜி. அம்மா முறைத்தது எங்கள் ரெண்டு பேருக்கும் தெரியும், ஆனாலும் திரும்பிப் பார்க்கவில்லை. பெண்ணின் அப்பா சிரித்துவிட்டார். "பாருங்க தம்பி, சும்மாதான் கெடக்கு" என்றார்.

தோளனில் ரெண்டு மாடல் உண்டு. வெளியே ஒரே மாதிரிதான். ஒன்றுக்கு உள்ளே அஞ்சு வால்வு, இன்னொன்றுக்கு ஆறு. ஆறு கிடைக்கவே கிடைக்காது. பின்னால் ஒட்டியிருந்த நம்பர் சீட்டைப் பூச்சி அரித்திருந்தது. எண்ணித்தான் பார்க்க வேண்டும். மாமா செல்லில் டார்ச் போட்டுப் பின்பக்க அட்டையின் ஓட்டை வழியாக அடித்தார். உள்ளே வால்வுகள், சின்னக் கண்ணாடிக் குப்பிகள், மின்னின. நான் விரல் விட்டு எண்ணினேன். மாமாவும் எண்ணினார். ஆறு. மாமா என் கையை இறுக்கிப் பிடித்தார். எனக்குக் கத்த வேண்டும் போல இருந்தது.

அப்போதுதான் பெண் காப்பி கொண்டுவந்தாள். கொடுக்க வேண்டும், கொஞ்சம் நிற்க வேண்டும், உள்ளே போய்விட வேண்டும். பேச்சு கிடையாது. அவளும் கொடுத்துவிட்டுத் திரும்பினாள்.

மாமா ரேடியோவைப் பார்த்தபடி, "அஞ்சு வால்வுதான் போல" என்றார்.

பெண் நின்றாள். "ஆறு."

"இல்லைங்க. அஞ்சுதான்."

"மாசாமாசம் நாந்தான் தொடைக்கிறேன். ஆறு இருக்கு."

"ஒண்ணு வேற சாமானா இருக்கும்ங்க."

"வேற சாமான் எதுக்குக் கண்ணாடிக்குள்ள கம்பி வச்சிக்கிட்டு நிக்கிது?"

தட்டைக் கீழே வைத்துவிட்டு வந்துவிட்டாள். ஓட்டை வழியாக ஒவ்வொன்றாகக் காட்டினாள். மாமா குனிந்து பார்த்து, மறுபடியும் ஒன்றை விட்டுவிட்டார். முதலில் இருந்து எண்ணுங்க என்றாள். எண்ணினார். அஞ்சு என்றார். உங்க கடைக்கு மோட்டார் கொண்டாரவங்க பாவம் என்றாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. தப்பாக எண்ணுகிறவரோடா இத்தனை நாள் போட்டி போட்டேன்.

"ஆறுதான் மாமா. இப்பத்தானே ரெண்டு பேரும் எண்ணுனோம்."

மாமா காது சிவந்துவிட்டது. பெண் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள். அம்மா தலையில் கை வைத்தாள். மாமாவைத் தோற்கடித்துவிட்டேன், இந்த இடமும் போச்சு என்றுதான் நினைத்தேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் அம்மா என்னோடு பேசவில்லை. மாமா ஜன்னல் பக்கம் பார்த்துச் சிரித்துக்கொண்டு வந்தார். அது எனக்குப் பயமாகக்கூட இருந்தது.

ரெண்டாம் நாள் போன் வந்தது. பெண்ணுக்குச் சம்மதம். அம்மா பதினோரு ரேடியோவுக்கும் விபூதி பூசினாள்.

எனக்கு மட்டும் மனசு ஆறவில்லை. ஒரு மாதம் மாமாவைச் சோதித்தேன். எங்கே ரேடியோ பார்த்தாலும் எண்ணச் சொன்னேன். ஒன்றில்கூடத் தப்பவில்லை.

கல்யாணத்தன்றைக்கு அத்தை பக்கத்தில் போய் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னேன். "மாமாவுக்கு நல்லா எண்ணத் தெரியும் அத்தை. அன்னைக்கி மட்டும் என்னமோ ஆயிருச்சு."

"தெரியும்" என்றாள் அத்தை.

பெரிய மனசு என்று நினைத்துக்கொண்டு சாப்பிடப் போனேன்.