சின்ன டிரம் வந்த வருடம்

நான் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த வருடம் அம்மாவுக்குக் காது போயிற்று. நெஞ்சில் நோய் என்று ஆஸ்பத்திரியில் பல மாதம் படுக்க வைத்து ஊசி போட்டார்கள். நோய் அடங்கி வீடு திரும்பிய அன்று, வாசலில் நின்று நான் கூப்பிட்டது அவளுக்குக் கேட்கவில்லை. அது ஊசி செய்த வேலை என்று டாக்டர் சொன்னாராம். உயிர் தங்கியதே பெரிசு என்று சொந்தக்காரர்கள் அப்பாவுக்கு ஆறுதல் சொன்னார்கள். அப்பாவும் ஆமாம் என்று தலையாட்டிக்கொண்டார்.

அப்பாவுக்குச் சேலத்தில் ஒரு மரவாடியில் வேலை. கல்யாணம், சாவு, கோயில் திருவிழா என்று வந்துவிட்டால் பெரியப்பாவின் பேண்டு செட்டில் பெரிய டிரம் அடிக்கப் போய்விடுவார். தரையில் நிறுத்தினால் அந்த டிரம் என் கழுத்து உயரம் இருக்கும். வாரை இரண்டு தோளிலும் மாட்டி, வயிற்றில் தாங்கி, பின்னால் சாய்ந்தபடிதான் அதைத் தூக்கி நடக்க முடியும். எதிரே என்ன வருகிறது என்று அப்பாவுக்குத் தெரியாது. மாட்டு வண்டிக்காரர்கள்தான் பார்த்து ஒதுங்கிக்கொள்ள வேண்டும்.

அதன் சத்தம் கிளாரினெட்டைப் போலக் காதில் வந்து குத்தாது. அடி விழுந்து, சற்றுத் தாமதித்து, தரை வழியாக வந்து அடிவயிற்றில் இறங்கும். அவ்வளவு அகலமான தோல் அசைந்து எழும்ப நேரம் பிடிக்கும் என்பதால், பாட்டுக்கு ஒரு மயிரிழை முன்னதாகவே அடியைக் கொடுக்க வேண்டும் என்பார் அப்பா. அவர் கைக்கு அது பழகியிருந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த சில நாளில், அம்மா உள்ளே அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். அப்பா வெளியே சந்தில் டிரம்மின் வாரைச் சரிபார்த்து நாலு அடி அடித்தார். அம்மா முறத்தைக் கீழே வைத்துவிட்டுத் தரையில் உள்ளங்கையைப் பதித்தாள். காது போனதிலிருந்து அவள் பேச்சு சத்தமாகிவிட்டிருந்தது. அந்தக் குரலில், "ஏனுங்க, டிரம்முதானுங்களே?" என்று தெருவுக்கே கேட்கும்படி கேட்டாள். அப்பா உள்ளே வந்து வெகுநேரம் அவளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு மாதா திருவிழாவிலும், சப்பரம் எங்கள் சந்துக்கு வரும் நேரத்தில் அம்மா தெருப்பக்கத்து மண்சுவரில் கையை வைத்துக்கொண்டு நிற்பாள். எனக்குப் பாட்டு கேட்கும் முன்னாலேயே, "வந்துருச்சு சாமி" என்று என்னிடம் சொல்லிவிடுவாள். இது அம்மா கற்று வைத்திருக்கும் ஏதோ வித்தை என்று நினைத்து, பள்ளிக்கூடத்தில் பெருமை பேசிக்கொண்டிருந்தேன்.

எனக்கு எட்டு வயதானபோது பெரியப்பா பெங்களூரிலிருந்து ஒரு புது டிரம் வாங்கி வந்தார். பழையதில் பாதிதான் இருக்கும். சிவப்பு வர்ணம், ஓரத்தில் வெள்ளி மாதிரி மின்னும் வளையம். கல்யாண வீடுகளில் வேகமான சினிமாப் பாட்டாகக் கேட்கிறார்கள், பெரிய டிரம் பின்னாலேயே இழுக்கிறது என்பது அவருடைய குறை.

"உன்ற டிரம்மு அடிச்சதுக்குப் பதில் சொல்றதுக்குள்ள நாங்க அடுத்த பாட்டுக்குப் போயர்றோம்டா" என்றார்.

அதில் நியாயம் இருந்தது. புது டிரம்மில் கோல் பட்டதும் எகிறித் திரும்பியது. அடித்த கணமே சத்தம், அடுத்த கணமே அமைதி. நானும் கையால் தட்டிப் பார்த்து, இதுதான் நன்றாக இருக்கிறது என்று அப்பாவிடமே சொன்னேன்.

பெரியப்பாவிடம் அப்பா தயங்கித் தயங்கிக் கேட்டார். "மாதா திருவிழாவுக்கு மட்டும் பெருசையே எடுத்துக்கறனுங்கண்ணா."

பெரியதை எடப்பாடிப் பக்கம் ஒரு செட்டுக்குக் கொடுத்தாயிற்று என்றார் பெரியப்பா. எதற்காகக் கேட்கிறாய் என்று அவர் விசாரிக்கவில்லை. அப்பாவும் காரணம் சொல்லிக் கேட்கிறவர் இல்லை.

அந்த வருடம் அம்மாவின் இருமல் திரும்பி வந்திருந்தது. தெருப்பக்கத்துச் சுவரை ஒட்டிக் கட்டிலைப் போட்டிருந்தோம். எழுந்து வாசல்வரை நடக்கவும் அவளால் முடியவில்லை. அப்பா தினமும் வேலை முடிந்து வந்து, சந்தில் நின்று புது டிரம்மை அடித்துவிட்டு உள்ளே எட்டிப் பார்ப்பார். சுவரில் கை வைத்திருக்கும் அம்மா, ஒன்றும் இல்லை என்று தலையசைப்பாள். தோலைத் தளர்த்திப் பார்த்தார். ஈரத் துணியை உதறுவதுபோலத் தொப்பென்று விழுந்ததே தவிர சத்தம் கீழே இறங்கவில்லை. ஓங்கி அடித்தார். அக்கம்பக்கத்தார் காதைப் பொத்திக்கொண்டார்கள், அம்மாவுக்கு மட்டும் எட்டவில்லை. புது டிரம்மின்மேல் அப்பாவுக்குப் பொறாமை, அதனால்தான் அதைப் போட்டு இந்த அடி அடிக்கிறார் என்று நான் முடிவு கட்டிக்கொண்டேன்.

திருவிழாவன்று சாயங்காலம் என்னை அம்மாவுக்குத் துணையாக விட்டுவிட்டு எல்லோரும் கோயிலுக்குப் போய்விட்டார்கள். எனக்குத் தாங்க முடியாத கோபம். அடுத்த மாதம் புதுநன்மை, கோயிலில் முதன்முதலாக நற்கருணை, வாங்கப் போகிறவள் நான். அதற்காகத் தைத்து வைத்திருந்த வெள்ளைப் பாவாடையை யாருக்கும் காட்ட முடியாமல் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

சப்பரம் வந்தது. கிளாரினெட் தெரு முழுவதும் கேட்டது. எங்கள் சுவருக்கு நேராக வந்ததும் அப்பா நின்றுவிட்டார். மற்றவர்கள் அடியெடுத்து நகர, அவர் மட்டும் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று, கையை ஓங்கி ஓங்கி அடித்தார். நாலைந்து அடியில் தோல் கிழிந்துவிட்டது. பெரியப்பா கிளாரினெட்டை வாயிலிருந்து எடுத்து ஒரு முறை முறைத்தார். பிறகு டிரம் இல்லாமலே பாட்டு நகர்ந்தது, மாதாவும் நகர்ந்து போனாள்.

அம்மா உள்ளங்கையைச் சுவரில் பதித்தபடி என்னைப் பார்த்தாள். "இன்னும் வரலையா சாமி?"

நான் பதில் சொல்வதற்குள் அப்பா உள்ளே வந்தார். டிரம்மைச் சந்திலேயே கழற்றி வைத்திருந்தார். கோட்டெல்லாம் வியர்வை. அம்மா அவரிடமும் கேட்டாள். இன்னும் வரவில்லை, இதோ வந்துவிடும் என்று அப்பா கையால் காட்டினார். காட்டிவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் வெளியே போனார்.

சற்று நேரத்தில் சுவர் அதிர்ந்தது. மேலே மாடத்திலிருந்து மண் உதிர்ந்தது. சன்னல் வழியே எட்டிப் பார்த்தேன். அப்பா இரண்டு கையையும் முஷ்டியாக்கி, எங்கள் சுவரையே அடித்துக்கொண்டிருந்தார், பெரிய டிரம்மின் அதே நிதானத்தோடு.

"வந்துருச்சு சாமி" என்றாள் அம்மா. மற்ற கையால் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள்.

பொய் சொல்வது பாவம், அடுத்தவர் சொல்லும் பொய்யைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பதும் பாவம் என்று புதுநன்மை வகுப்பில் உபதேசியார் அந்த வாரம்தான் பாடம் நடத்தியிருந்தார். நான் கட்டிலருகே போனேன். அம்மாவுக்கு விளங்கும்படி வாயை அகலமாக அசைத்து, கையாலும் காட்டி, எல்லாவற்றையும் சொன்னேன். சப்பரம் அப்போதே போய்விட்டது. டிரம் கிழிந்துவிட்டது. அப்பா சுவரைத்தான் அடிக்கிறார்.

அம்மாவின் குரல் அன்றைக்கு மட்டும் தணிந்து வந்தது. "எனக்குத் தெரியும்னு அப்பாகிட்டச் சொல்லிராத சாமி."

அடுத்த திருவிழாவுக்கு அம்மா இல்லை. அப்பா அதன்பின் எந்தச் செட்டிலும் வாசிக்கவில்லை. அம்மாவுக்குத் தெரியும் என்பதை நான் அவரிடம் கடைசிவரை சொல்லவும் இல்லை. ஆனால் அது மனம் ஒப்பி அல்ல. என்னையும் பொய்யில் சேர்த்துவிட்டாளே என்று எனக்கு அவள்மேல் வருத்தம்தான் இருந்தது. அன்றைக்கு அப்பா கை வலித்து நிறுத்தும்வரை அவள் சுவரிலிருந்து கையை எடுக்கவே இல்லை. உண்மை தெரிந்த பிறகும் ஏன் எடுக்காமல் இருக்கிறாள், ஒருவேளை நான் சொன்னது சரியாக விளங்கவில்லையோ என்று நினைத்து, இன்னொரு முறை முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன்.