அடிக்காத அலாரமும் ஒரு கப் நல்ல தண்ணீரும்

போன வருடம் ஆவணி மாதம், கம்பஸ் லீவில் நயினாதீவில் வீட்டில் நின்றபோது நடந்தது இது. வெயில் என்றால் அப்படி ஒரு வெயில். படகேறி யாழ்ப்பாணம் போய்வரவும் பஞ்சியாக இருந்தது. அந்த அலுப்பில்தான் கொழும்பிலிருந்து ஒரு எலெக்ட்ரோனிக்ஸ் பெட்டி ஓடர் பண்ணினேன். புதிதாகப் பழகுகிறவர்களுக்கான பெட்டி. ஈயம் உருக்கி ஒட்டும் வேலையே இல்லை. துளைகள் நிறைந்த வெள்ளைப் பலகையொன்றில் வயர்களைக் குத்தினால் சரி. கூடவே ஒரு குட்டி கொன்ட்ரோலர் போட், கலர் கலராகப் பல்புகள், கீச்சென்று கத்தும் ஒரு பஸர். லாப்டொப்பில் கோட் எழுதி அனுப்பினால் அந்தப் போட் சொன்னபடி ஆடும்.

நான் கம்பஸில் படிப்பது கணினி. கோட் எழுதுவது தண்ணீர் பட்ட பாடு. வயரைத்தான் அதுவரை தொட்டதில்லை. முதல் பாடம் ஒரு பல்பை மினுங்க வைப்பது. பத்து நிமிடத்தில் மினுங்க வைத்து அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"உதுக்கே நாலு வருசம் படிக்கிறாய்? திருவிழாவுக்கு வாற லைட்காரன் உதைவிட வடிவாக் காட்டுவான்" என்று சொல்லிவிட்டு அம்மா குசினிக்குப் போய்விட்டா.

ரோசம் வந்துவிட்டது. வீட்டுக்கு உதவுகிற மாதிரி ஏதாவது செய்து காட்ட வேண்டும் என்று தேடியபோது கண்ணில் பட்டது தண்ணீர்.

எங்கள் ஒழுங்கையில் மூன்று வீடுகள். கிணறு இருக்கிறது, ஆனால் கிணற்றில் இருப்பது உப்புக் கரிக்கும் சவர்த் தண்ணீர். குளிக்கலாம், தோய்க்கலாம், வாயில் வைக்க ஏலாது. குடிக்கிற தண்ணீர் ஒழுங்கை முகப்பிலுள்ள ஒரேயொரு குழாயில் மூன்று நாளைக்கு ஒருமுறை, காலையில் ஒரு மணித்தியாலம்தான் வரும். குழாயில் ஒரு நீண்ட ஓஸ் பைப். முதலில் எங்கள் தண்ணீர்த் தாங்கி, பிறகு பக்கத்து வீட்டு ரீச்சரின் தாங்கி, கடைசியில் கைக்குழந்தையோடு இருக்கும் அக்காவின் தாங்கி. ஒரு வீட்டில் நிரம்பியதும் ஓஸை அடுத்த வீட்டுக்குக் கொடுத்துவிட வேண்டும்.

சிக்கல் ரீச்சர் வீட்டில். அவ முன்பள்ளியில் படிப்பிக்கிறவ. காலையில் சமைக்கவும் வேண்டும், வீட்டின் பின்பக்கத்தில் உயரமாக நிற்கும் தாங்கிக்குக் கதிரை போட்டு ஏறி எட்டிப் பார்க்கவும் வேண்டும். அக்கா வேறு குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு தன் வீட்டு வாசல் படலையில் நின்று, "ரீச்சர், நிரம்பீட்டுதோ? ரீச்சர், முடிஞ்சுதோ?" என்று கத்திக்கொண்டே இருப்பா.

நான் யோசித்தது சிம்பிள். தாங்கியின் மேல் விளிம்பில் இரண்டு வெறும் கம்பிகள். தண்ணீர் ஏறி இரண்டையும் தொட்டால் அதனூடாகக் கொஞ்சம் மின்சாரம் பாயும். எவ்வளவு பாய்கிறது என்று போட் ஒரு இலக்கமாகச் சொல்லும். இலக்கம் அறுநூறைத் தாண்டினால் பஸர் கத்த வேண்டும். இவ்வளவுதான் கோட்.

சோதித்துப் பார்க்க ஒரு கப்பை எடுத்துக்கொண்டு குடிதண்ணீர்த் தாங்கிப் பக்கம் போனேன். அம்மா கண்டுவிட்டா.

"நல்ல தண்ணியிலை கை வைச்சாயெண்டால் தெரியும். விளையாட்டுக்குக் கிணத்துத் தண்ணி காணும்."

அவ சொன்னதில் பிழை இல்லை. இங்கே யாரும் நல்ல தண்ணீரை விளையாட்டுக்கு எடுக்கமாட்டார்கள். எனக்கே மனம் வராது. ஒரு வாளி கிணற்றுத் தண்ணீரில் கம்பிகளை விட்டேன். பஸர் ஒழுங்கை முழுக்கக் கேட்கிற மாதிரிக் கத்தியது. இருபது தரம் விட்டேன், இருபது தரமும் கத்தியது. எல்லாவற்றையும் ஒரு மாஜரின் டப்பாவுக்குள் அடக்கி, ரீச்சரின் தாங்கியில் கட்டிவிட்டேன்.

"ரீச்சர், இனி நீங்கள் கதிரையிலை ஏறத் தேவையில்லை. அடிச்சாப் பிறகு வந்தால் காணும்."

"நம்பலாமோ பிள்ளை?"

"இருபது தரம் பாத்தாச்சு ரீச்சர்."

அத்தோடு விட்டேனா? அக்காவின் படலைக்கும் போய், "இனிச் சும்மா வெயிலுக்கை நிண்டு கத்தாதேங்கோ. அலாரம் அடிச்சால் உங்கடை முறை" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அடுத்த முறை தண்ணீர் வந்தது. எங்கள் தாங்கி நிரம்பியதும் ஓஸை ரீச்சருக்குக் கொடுத்துவிட்டு, கம்பஸ் நண்பர்களுக்கு இந்தச் சாதனையைப் பற்றி நீட்டி எழுதிக்கொண்டிருந்தேன். ரீச்சர் குசினியில். அக்கா தன் வீட்டுக்குள். யாருமே தாங்கிப் பக்கம் போகவில்லை. எல்லோரும் அலாரத்துக்காகக் காத்திருந்தோம்.

அது அடிக்கவேயில்லை.

கடைசியில் அக்காதான் பொறுக்க ஏலாமல் ஓடி வந்தா. போய்ப் பார்த்தால் ரீச்சரின் தாங்கி வழிந்து, வளவின் பின்பக்கம் முழுக்கச் சேறு. ஓஸைப் பிடுங்கி அக்காவின் தாங்கிக்குள் விட்டோம். ஒரு வாளி வந்திருக்கும். பிறகு காற்றுத்தான் வந்தது.

"எடி, உன்ரை பெட்டிக்கு வாய் அடைச்சுப் போச்சோ?" அக்கா கேட்டா. "மூண்டு நாளைக்குப் பிள்ளைக்கு எதிலை பால் கரைக்கிறது?"

எனக்கு முகம் எரிந்தது. பெட்டியோடு வந்த சின்னப் புத்தகத்தில், ஒட்டாமல் குத்துகிற வயர்கள் தட்டுப்பட்டால் கழன்றுவிடும் என்று எழுதியிருந்தது. அதைப் பிடித்துக்கொண்டேன்.

"ரீச்சர், நீங்கள் வயரிலை கை வைச்சனீங்களோ?"

"நான் கிட்டவும் போகேல்லை பிள்ளை."

"அப்ப எப்பிடிக் கழண்டது?"

கழன்றதா என்று நான் பார்க்கக்கூட இல்லை. ரீச்சர் குடையை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டா.

அம்மா எங்கள் தாங்கியிலிருந்து இரண்டு வாளி அக்காவுக்குக் கொடுத்தா. மிச்சத்துக்கு, இறங்குதுறைப் பக்கமிருக்கும் பொதுக்குழாயில் வரிசையில் நின்று, சைக்கிளில் இரண்டு கான் கட்டி இழுத்து வருவது என் வேலையானது. அந்த வெயிலில் பெடலின் ஒவ்வொரு உழக்குக்கும் ரீச்சர் மேல்தான் கோபம் ஏறியது.

பின்னேரம் ரீச்சரின் தாங்கியிலிருந்து பெட்டியைக் கழற்றிக்கொண்டு வந்து பார்த்தேன். ஒரு வயரும் கழன்றிருக்கவில்லை. கிணற்றுத் தண்ணீரில் விட்டேன், கத்தியது. ரீச்சரையும் அக்காவையும் எங்கள் வீட்டுக்குக் கூப்பிட்டு அவர்களுக்கு முன்னாலும் விட்டுக் காட்டினேன். கத்தியது.

"பாத்தியளோ? பெட்டியிலை பிழை இல்லை."

அக்கா நான் கொண்டு வந்த கானைத் திறந்து ஒரு கப் நிறையத் தண்ணீர் வார்த்து என் முன்னால் வைத்தா.

"இதிலை விட்டுக் காட்டு பாப்பம்."

"ஐயோ அக்கா, நல்ல தண்ணியை வீணாக்காதேங்கோ."

"காலமை ஒரு தாங்கித் தண்ணி நிலத்துக்கை போச்சு. இப்ப ஒரு கப்புக்கு யோசிக்கிறியோ?"

கம்பிகளை விட்டேன். சத்தமில்லை. லாப்டொப்பைத் திறந்து பார்த்தேன். கிணற்றுத் தண்ணீரில் தொள்ளாயிரத்தைத் தாண்டி நின்ற இலக்கம், அந்தக் கப்பில் நூற்று எண்பதில் நின்றது.

உப்புக் கூடினால் தண்ணீரில் மின்சாரம் நன்றாகப் பாயும், குறைந்தால் பாயாது. பள்ளிக்கூடத்தில் சாதாரண தரப் பரீட்சையில் இதை எழுதி 'ஏ' எடுத்தவள் நான். உப்புத் தண்ணீரில் சோதித்துவிட்டு, உப்பில்லாத தண்ணீருக்குக் காவல் வைத்திருக்கிறேன்.

"ரீச்சர், பிழை என்ரை. நீங்கள் தொட்டிருக்கமாட்டியள்" என்று சொல்ல எனக்கு அந்தக் கோட் முழுவதையும் எழுதியதைவிட அதிக நேரம் எடுத்தது. ரீச்சர், "ம்" என்றா. அவ்வளவுதான். அக்கா அந்தக் கப் தண்ணீரைக் கொண்டுபோய்த் தேசிக்கன்றுக்கு ஊற்றினா. கம்பி விட்ட தண்ணீர், குழந்தைக்கு ஆகாது.

கோட்டில் அறுநூறை நூறாக மாற்றி, பெட்டியைத் திரும்பவும் ரீச்சரின் தாங்கியில் கட்டினேன். மூன்றாம் நாள் தண்ணீர் வந்தபோது ரீச்சர் வீட்டில் அலாரம் அடித்தது. நான் சந்தோசத்தில் பாய்ந்து போனேன். தாங்கிக்குப் பக்கத்தில், கதிரையில் ஏறி எட்டிப் பார்த்தபடி ரீச்சர் நின்றா. ரீச்சரின் படலையில் குழந்தையோடு அக்கா முதலே வந்து நின்றா.

"அலாரம் அடிச்சதுதானே அக்கா, ஏன் அதுக்கு முதலே வந்து நிண்டனீங்கள்?" என்றேன்.

"அடிச்சதுதான்," என்றா அக்கா, ஓஸை இழுத்தபடி. "எண்டாலும் வந்தனான்."

இப்போது கம்பஸில் யாராவது 'டெஸ்ட் பண்ணியாச்சு' என்றால், 'எந்தத் தண்ணியிலை?' என்று என் வாயில் வந்துவிடுகிறது. அவர்களுக்கு அது விளங்குவதில்லை. அலாரம் இன்றைக்கும் பிழையில்லாமல் அடிக்கிறது, ரீச்சர் இன்றைக்கும் கதிரையில் ஏறித்தான் பார்க்கிறா. இலக்கத்தை ஒரு நிமிடத்தில் திருத்திவிட்ட எனக்கு, அந்தக் கதிரையை அங்கிருந்து எடுக்க வைக்க இன்னும் முடியவில்லை.