சுவரேறிய நத்தைகள்

ஓசூரில் நான் ஓர் அறையில் வாடகைக்கு இருந்த வீட்டின் ஹாலில் மீனே இல்லாத ஒரு மீன்தொட்டி இருந்தது. அடியில் கொஞ்சம் மணல், நாலைந்து செடிகள், கோலிக்குண்டை விடச் சற்றே பெரிய மஞ்சள் நத்தைகள், அவ்வளவுதான். வீட்டுக்காரர் பேரிங் கம்பெனியில் இயந்திரம் ஓட்டியவர். நாளெல்லாம் இரைச்சலில் நின்றுவிட்டு வருபவருக்குச் சத்தமே போடாத ஜீவன்கள்தான் பிடித்திருந்தன. ஷிப்ட் முடிந்து வந்ததும் செம்புக் குடத்திலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு, தொட்டியின் முன் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுவார். கூட உட்கார்ந்தால் எனக்குக் கொட்டாவிதான் வரும்.

அவர் மாரடைப்பில் போனபின் நத்தைகளை வீட்டுக்காரம்மா பார்த்துக்கொண்டார். அவரை நான் அக்கா என்றே கூப்பிடுவேன். பெங்களூரில் இருந்த மகன், வீட்டை விற்றுவிட்டுத் தன்னோடு வந்துவிடும்படி கெஞ்சிக்கொண்டே இருந்தான். முழங்கால் வலியோடு அம்மா தனியாகக் கிடப்பதை நினைத்து அவனுக்கு நிம்மதியில்லை. அக்காவுக்கோ முடிவெடுக்கத் தைரியமில்லை. "இருக்கறதா, போறதான்னு அவரு ஒரு வார்த்தை சொன்னா போதும்ப்பா" என்பார். செத்தவர் எங்கே வந்து சொல்லப்போகிறார் என்று மனசுக்குள் நினைத்துக்கொள்வேன்.

வருஷத் திதிக்கு முந்தின நாள், அவர் புழங்கிய செம்புக் குடத்தைப் புளி போட்டுத் தேய்த்து, தண்ணீர் நிரப்பி, அவர் படத்துக்குக் கீழே வைத்தார் அக்கா. மறுநாள் படையல் முடிந்தது. அந்தத் தண்ணீரைக் கீழே கொட்ட மனசு வராமல், அவர் ஆசையாக வளர்த்தவற்றுக்கே போகட்டும் என்று தொட்டியில் ஊற்றினார். நாங்கள் சாப்பிட்டுக் கைகழுவி வந்து பார்த்தால் தொட்டிக்குள் ஒரு நத்தைகூட இல்லை. எல்லாம் கண்ணாடியைத் தாண்டி, படம் மாட்டியிருந்த சுவரில் ஒன்றன்பின் ஒன்றாக ஏறிக்கொண்டிருந்தன. சுண்ணாம்பின் மேல் ஈரக் கோடுகள் பளபளத்தன. முதலில் போனது படத்தின் சட்டத்தைத் தொட்டுவிட்டிருந்தது.

திதிக்கு வந்திருந்த மகன் சுவரருகே போய்க் குனிந்து பார்த்தான். அக்கா கைகூப்பி, "இங்கயே இருன்னு சொல்லிட்டாரு" என்றார். எனக்கும் ஒரு கணம் அப்படித்தான் தோன்றியது. அப்புறம்தான் நத்தைகளை எடுத்து வேறு தண்ணீரில் விட்டோம்.

மறுநாளே மீன் கடையில் விசாரித்தேன். செம்பு நத்தைக்கு விஷம், தண்ணீரில் அது இறங்கியிருந்தால் உயிர் பிழைக்க வெளியே ஏறும் என்றார் கடைக்காரர். அப்பாடா என்றிருந்தது. அக்காவிடம் போய்ச் சொன்னேன். நிதானமாகக் கேட்டுக்கொண்டார்.

"சரிப்பா, தண்ணி ஒத்துக்கல, ஏறிச்சு. அந்தாண்ட சுவத்துக்கு ஒண்ணுகூடப் போவலியே, ஏன்?"

தொட்டி மூலையில் இருந்தது. இரண்டு சுவரும் அதற்கு ஒரே தூரம். முன்னால் போனதன் தடத்தைப் பிடித்து மற்றவையும் போயிருக்கும் என்று ஏதோ சமாளித்தேன். அக்கா அந்த வீட்டிலேயே இருந்துவிட்டார்.

இப்போது கிருஷ்ணகிரியில் என் வீட்டிலும் நத்தைகள் இருக்கின்றன, அக்கா கொடுத்தவற்றின் வாரிசுகள். போன வாரம் என் மனைவி தெரியாமல் செம்புப் பானைத் தண்ணீரை ஊற்றிவிட்டாள். இங்கேயும் தொட்டி மூலையில்தான் இருக்கிறது. நத்தைகள் வெளியே ஏறத்தான் செய்தன. ஆனால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் போயிருந்தது. சில தரையில் விழுந்து கிடந்தன. பொறுக்கி எடுக்கும்போது அக்கா கேட்ட கேள்விதான் ஞாபகத்துக்கு வந்தது.

நேற்று அக்காவின் மகன் போன் செய்தான். அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டார் என்றும், ரொம்ப நேரம் எழ முடியாமல் கிடந்தார் என்றும் சொன்னான். "அது வெறும் செம்புத் தண்ணி பண்ண வேலைன்னு இன்னொரு தடவ சொல்லுங்கண்ணா. நீங்க சொன்னா கேப்பாங்க" என்றான். சரி என்று சொல்லி வைத்தேன். அக்காவை இன்னும் கூப்பிடவில்லை.