களம்பூர்க்காரி ஊதிய விசில்

ஆரணி தபால் ஆபீசில் ஆதார் திருத்தம் பார்க்கும் மதிவதனியை ஊரில் பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேருக்குத் தெரிந்தது போன மே மாதம், ஹாக்கி ஃபைனல் நடந்த ஞாயிற்றுக்கிழமையன்று.

பிறந்தது களம்பூர். அப்பா எல்லப்பன் அரிசி மில்லில் மூட்டை தூக்கியவர். பள்ளிக்கூடத்தில் பதினோரு பேர் சேரவில்லை என்று டிரில் மாஸ்டர் இவள் கையில் மட்டையைத் திணித்தார். அப்புறம் அவள் அதைக் கீழே வைக்கவே இல்லை. காலேஜ் டீமில் ஆடிக்கொண்டிருந்தபோது, இருபத்திரண்டு வயதில் முட்டியில் ஜவ்வு கிழிந்தது. நேராக ஓட முடிந்தது; சட்டென்று திரும்பத்தான் முடியவில்லை. ஒரு மாதம் அழுதாள். பிறகு அம்பயர் பரீட்சை எழுதி, விசிலை வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். வேலையும் கல்யாணமும் அவளை ஆரணிக்குக் கொண்டுவந்தன. ஒன்பது வருஷமாகப் பெண்கள் ஆட்டங்களுக்குத்தான் ஊதினாள். ஆண்கள் ஃபைனலுக்கு அவளை யாரும் கூப்பிட்டதில்லை.

அந்த முறை ஒரு அம்பயருக்குக் காய்ச்சல் வந்துவிட, போட்டி நடத்தும் செயலாளர் துரைக்கண்ணு போன் செய்தார்.

"ஆரணிக்கும் களம்பூருக்கும் மேட்ச். ஜல்தியா வந்துடும்மா."

"சார், நான் பொறந்தது களம்பூருங்க."

"வாழறது ஆரணிதானே? சரியாப் போச்சு, வா!"

மைதானத்தில் எள் விழ இடமில்லை. காம்பவுண்டு சுவர் மேலெல்லாம் தலைகள். களம்பூரிலிருந்து நாலு வேனில் ஆட்கள் வந்து இறங்கியிருந்தார்கள். மதிவதனிக்குக் கால்கள் துள்ளின. ஆரணி கேப்டன் ஹேமநாத்தையும் களம்பூர் கேப்டன் கிரணையும் நடுவில் கூப்பிட்டாள். "சந்தேகம் வந்தா கேப்டன் மட்டும் வந்து கேளுங்க. கேக்கலாம், கத்தக் கூடாது" என்றாள். ஹேமநாத் பட்டுக்கடைக்காரர் வீட்டுப் பிள்ளை. ஆட்டத்தில் புலி, வாயில் அதைவிடப் புலி. சிரித்துக்கொண்டே தலையாட்டினான்.

ஆட்டம் தீயாகப் பறந்தது. மூன்றாம் கால் பகுதியில் ஹேமநாத் ஒரு கோல் போட்டான். ஆரணிப் பக்கம் விசில் சத்தத்தில் மதிவதனியின் விசிலே கேட்கவில்லை.

இன்னும் நாலு நிமிஷம். களம்பூர்ப் பையன் ஒருவன், கோலைச் சுற்றிப் போட்ட வட்டத்துக்கு வெளியே தூரத்திலிருந்து ஓங்கி ஒரு அடி அடித்தான். கோல் முன்னால் நாலைந்து மட்டைகள் ஒன்றாகக் குறுக்கே வந்தன. பந்து எதிலோ உரசி வலைக்குள் போனது. களம்பூர் மட்டையில்தான் பட்டது என்று அவளுக்குத் தோன்றியது. கை தானாக நடுக்கோட்டைக் காட்டியது. கோல்!

ஹேமநாத் பாய்ந்து வந்தான். "இன்னாம்மா கோலு? எங்க ஆளு மட்டைல பட்டுது! அவன் வட்டத்துக்கு வெளிய இருந்து அடிச்சான், தெரியலையா?"

"ஹேமநாத், கொரலை எறக்கிப் பேசுங்க."

"சொந்த ஊருக்கு ஊதறதுக்குன்னே வந்திருக்கியா?" மட்டையை அவள் காலடியில் ஓங்கி எறிந்தான். மண் தெறித்தது.

பையிலிருந்து மஞ்சள் கார்டு வெளியே வந்தது. "அஞ்சு நிமிஷம். வெளிய போங்க."

மைதானமே கொதித்தது. "களம்பூர்க்காரி! களம்பூர்க்காரி!" என்று சுவர் மேலிருந்து கத்தினார்கள். மதிவதனி மைதானத்தின் மறுபாதிக்குப் பொறுப்பான சுதாகரிடம் ஓடினாள். அவர் இன்னொரு அம்பயர், வேலூர்க்காரர்.

"சார், கடைசியா யார் மட்டைல பட்டுது? நீங்க பாத்தீங்களா?"

"பாத்தேன்மா. ஆரணி மட்டைல மட்டும்தான். களம்பூர்ப் பையன் யாரும் தொடல."

வட்டத்துக்கு வெளியே அடித்த பந்தை உள்ளே தாக்கும் அணிக்காரன் தொடாவிட்டால் அது கோல் இல்லை. மதிவதனி ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. திரும்பி வந்து, இரண்டு கையையும் விரித்து ஆட்டினாள். கோல் இல்லை!

இப்போது கத்தியது களம்பூர்க் கூட்டம். அதற்குள் தெரிந்த குரல் ஒன்று, எல்லாவற்றையும் தாண்டிக் கேட்டது. "இன்னாடி இது அநியாயம்!" அப்பா எல்லப்பன்! துண்டைச் சுழற்றிக்கொண்டு முதல் வரிசையில் நின்றிருந்தார்.

வெளியே உட்கார்ந்திருந்த ஹேமநாத் எழுந்தான். "அப்ப நான் சொன்னதுதானே சரி? என்னை உள்ள விடுங்க!"

"சொன்னது சரி. சொன்ன விதத்துக்குத்தான் கார்டு. உக்காருங்க."

பத்துப் பேரோடு ஆரணி முட்டி மோதியது. கடைசி நிமிஷத்தில் களம்பூருக்குப் பெனால்டி கார்னர். கிரண் மட்டையால் இழுத்துச் சுண்டிய பந்து கோல்கீப்பர் அன்பரசுவின் தோளுக்கு மேலே பறந்து வலையைக் கிழித்தது போல் இறங்கியது. இந்தக் கோலில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஒன்றுக்கு ஒன்று. நேரமும் முடிந்தது.

இனி ஷூட்-அவுட். அணிக்கு ஐந்து வாய்ப்பு, ஒவ்வொன்றுக்கும் எட்டு நொடி, தனியாளாகக் கோல்கீப்பரைத் தாண்ட வேண்டும். ஷூட்-அவுட்டில் ஆரணிக்கு நம்பிக்கையே ஹேமநாத்தான். ஆனால் அவன் தண்டனையில் இன்னும் ஒரு நிமிஷம் பாக்கி இருந்தது. தண்டனை முடியாதவன் இறங்கக் கூடாது என்பது விதி. அவன் தலையில் கை வைத்துக்கொண்டு மண்ணில் உட்கார்ந்துவிட்டான்.

நாலு நாலு பேர் முடிந்தபோது இரண்டுக்கு இரண்டு. ஆரணியின் ஐந்தாவது ஆள் பின்பக்கம் திரும்பிப் பந்தைத் தள்ளி உள்ளே போட்டான். மூன்று! களம்பூருக்குக் கடைசி வாய்ப்பு. கிரண் வந்தான். கோல் கோட்டின் மேல் மதிவதனி கண் கொட்டாமல் நின்றாள்.

கிரண் வலது பக்கம் ஏமாற்றினான். அன்பரசு விழவில்லை. இடது பக்கம் வந்தான். அன்பரசு காலை நீட்டித் தடுத்தான். பந்து எகிறியது. கிரண் பாய்ந்து பிடித்துத் தட்டினான். எட்டு நொடி முடிந்த ஹாரன் அலறியது. பந்து கோட்டைத் தாண்டியது.

எது முதலில்?

மூச்சு விடாமல் ஆயிரம் பேர் அவளைப் பார்த்தார்கள். ஹாரன் அடித்தபோது பந்து கோட்டைத் தாண்டாமல், ஒரு சாண் தள்ளி இருந்ததை அவள் கண்ணாரப் பார்த்திருந்தாள். கையை விரித்தாள். இல்லை!

களம்பூர்ப் பையன்கள் பத்துப் பேரும் அவளை நோக்கி ஓடி வந்தார்கள். கிரண் குறுக்கே நின்று இரண்டு கையையும் நீட்டினான். "யாரும் வரக் கூடாது. நான் பேசறேன்." மூச்சு வாங்க நடந்து வந்து, மட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கேட்டான்: "மேடம், ஹாரனுக்கு அப்புறம்தான் தாண்டிச்சா?"

"ஆமா. ஒரு சாண் பாக்கி இருந்துது."

அவன் கண் கலங்கியது. "சரிங்க மேடம்" என்றான். அவள் கையைக் குலுக்கிவிட்டுத் தன் ஆட்களிடம் திரும்பிப் போனான். ஆரணிக்காரர்கள் மைதானத்துக்குள் கொட்டினார்கள்.

ஆட்ட அறிக்கை எழுதும்போது மேஜைக்கு எதிரே ஹேமநாத் வந்து நின்றான். கையில் கோப்பை. "நான் கத்தினதை எழுதாதீங்கக்கா. ஜெயிச்சாச்சே."

"எழுதித்தான் ஆகணும்." காகிதத்தை அவன் பக்கம் திருப்பினாள். "இதோ பாருங்க, நான் தப்பாக் கோல் குடுத்ததையும் எழுதியிருக்கேன்."

அவன் இரண்டு தடவை படித்தான். தலையைச் சொறிந்தான். "நான் பேசினது ரொம்ப ஓவர்க்கா" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, கேப்டன் கையெழுத்து போட வேண்டிய இடத்தில் போட்டான். இரண்டு ஆட்டத்துக்கு அவனுக்குத் தடை வந்தது. அதே வாரம் மதிவதனிக்கு மாநில அளவிலான போட்டிக்கு அழைப்பு வந்தது.

ஃபைனல் அன்று சாயங்காலம் மைதானத்துக் கேட்டுக்கு வெளியே எல்லப்பன் காத்திருந்தார். மூஞ்சியைத் தூக்கி வைத்திருந்தார்.

"பெத்த அப்பன் வந்து நிக்கறேன். ஒரு கோலு, ஒண்ணே ஒண்ணு, குடுத்தா கொறஞ்சா போயிடுவ?"

"ஹாரன் அடிச்சிடுச்சிப்பா."

"அது இன்னா எட்டு நொடி? யாரு வச்ச கணக்கு அது?"

"சர்வதேச விதிப்பா."

"அவனுங்களைப் பத்து நொடின்னு மாத்தச் சொல்லு!"

மதிவதனிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்தாள். முட்டி வலித்தது. அவர் இன்னும் அந்தக் கடைசிப் பந்தைப் பற்றியே சண்டை போட்டுக்கொண்டு வந்தார்.